சுர்ருன்னு இழுத்தா சும்மா விடாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம குழுக்கள்ல நிறைய பேர் உள்கடன் எடுத்து கீசர் வாங்கியிருக்கோம். வயசான மாமியாருக்கு, பிள்ளை பெத்து வந்திருக்கிற மகளுக்குன்னு வாங்கினது நல்ல காரியம்தான். ஆனா அதை எப்படிப் பார்த்துக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் ஒயரிங் படிச்சு, இப்ப வீடு வீடா பழுது பார்க்கிறவள் என்ற முறையில் நாலு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு வீட்டில், "குழாயைத் தொட்டா சுர்ருங்குதுக்கா, ஈரக்கைன்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்"னு சொன்னாங்க. கழற்றிப் பார்த்தா, உள்ளே எலிமெண்ட் வெடிச்சு கரண்ட் தண்ணியில கலந்திருக்கு. பிளக்கில் மேலே தடிமனா மூணாவது பின் இருக்கே, அதுதான் எர்த். அந்த வீட்டில் பின் இருக்கு, ஆனா சுவத்துக்குள்ள எர்த் ஒயரே இழுக்கல. எர்த் இருந்திருந்தா அந்தக் கரண்ட் பூமிக்குப் போயிருக்கும். இல்லாததால குளிக்கிற ஆள் வழியா போகப் பார்த்திருக்கு.

அதனால லேசா இழுத்தாலும் உடனே மெயினை அணைச்சுட்டு ஆளைக் கூப்பிடுங்க. எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்க. எம்.சி.பி. ஒயரைத்தான் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்தறதுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடணும். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்துங்க, பட்டுனு விழணும். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்தான் தாங்கும். தண்ணி சூடானதும் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் குளிக்கப் போகணும்.

ரெண்டாவது, உப்பு. போர் தண்ணி கொதிக்க வைக்கிற பாத்திரத்துல வெள்ளையா படியுதில்ல? அதேதான் எலிமெண்ட் மேலயும் படியும். படிஞ்சா சூடு தண்ணிக்குப் போகாம எலிமெண்டே காய்ஞ்சு ஒருநாள் வெடிக்கும். தண்ணி சூடாக முன்னைவிட நேரம் எடுத்தா, உள்ளே கடகடன்னு சத்தம் வந்தா, உப்பு சேர்ந்திருச்சுன்னு அர்த்தம். போர் தண்ணி ஊர்ல வருஷம் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்யணும். அப்பவே உள்ளே இருக்கிற மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்க. டேங்க் துருப்பிடிக்காம இருக்க அது தன்னையே அரிச்சுக்கும். கம்பி தீர்ந்துட்டா அடுத்தது டேங்க்தான்.

மூணாவது, அடியில இருக்கிற வால்வு. தண்ணி சூடாகும்போது பெருகும். அதனால அங்கே சொட்டுச் சொட்டா விழறது சகஜம். சொட்டுதேன்னு துணி கட்டி, எம்சீல் வச்சு அடைச்சுடாதீங்க. உள்ளே அழுத்தம் ஏறி டேங்கே வெடிக்கலாம். நிக்காம ஒழுகினா மட்டும் வால்வை மாத்தச் சொல்லுங்க.

நாலாவது, ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நாமே பார்க்க வேண்டியது. விளக்கு எரியலையா? எம்.சி.பி. விழுந்திருக்கான்னு பாருங்க. ஒரு தடவை தூக்கி விட்டும் திரும்ப விழுந்தா, மறுபடி தொடாதீங்க. விளக்கு எரியுது, தண்ணி மட்டும் சுடலையா? பெரும்பாலும் எலிமெண்ட் போயிருக்கும். வெந்நீர் மட்டும் கொஞ்சமா வருதா? தண்ணி உள்ளே போற பைப்புல மணலோ உப்போ அடைச்சிருக்கும். மாடி டேங்க் காலியாகி நிரப்பினா, முதல்ல வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணி வருதான்னு பார்த்துட்டு சுவிட்சைப் போடுங்க. தண்ணி இல்லாம ஓடினா எலிமெண்ட் கருகிடும். மூடியைக் கழற்றற வேலை மட்டும் நமக்கு வேண்டாம்.

கரண்ட் கணக்கும் சொல்லிடறேன். 2000 வாட் கீசர் அரை மணி ஓடினா 1 யூனிட். தினம் அரை மணின்னா ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட். 15 லிட்டர் சூடாக 20 நிமிஷம் போதும்.

என் வேண்டுகோள் ஒண்ணுதான். அடுத்த குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டில் எழுதுங்க: கீசருக்கு கடன் கொடுக்கும்போது எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் ஆகிற தொகையையும் சேர்த்துக் கொடுக்கணும். ஏற்கெனவே வாங்கினவங்க வீட்டுல இந்த மாசமே எர்த் பார்க்கணும்.