வாட்ச் வாங்குமுன் ஒரு நிமிஷம்

(நங்கநல்லூரில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்சுட்டு வாட்ச் ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்தவன் நம்ம செட்டில் நான் ஒருவன்தான். அதனால் செயலாளர், "போலி வாட்ச் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா, நம்ம பசங்க ரொம்ப ஏமாறுறாங்க" என்றார். பசங்க என்று அவர் சொன்னது ரிடையரான நம்மைத்தான்!

நம் காலத்தில் ஃபாரின் வாட்ச் என்றால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம் ஏற்பட்ட கடைகள். அங்கே பேரம் பேசும்போதே அசலா நகலா என்ற சந்தேகமும் கூட வரும். இன்று செல்போனில் படத்தைக் காட்டி, "ஃபர்ஸ்ட் காபி சார்" என்கிறான். நாம் அதை முதல் தரம் என்று எடுத்துக்கொள்கிறோம். காபி என்றாலே நகல்தான் ஐயா!

சரி, எப்படிப் பார்ப்பது? பேட்டரி வாட்ச்சில் விநாடி முள் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு தடவை குதிக்கும். சாவி கொடுக்கிற வாட்ச்சிலும் ஆட்டோமேடிக்கிலும் விநாடிக்கு 5, 6 அல்லது 8 சின்ன எட்டுகள். வழுக்கிக்கொண்டு போவது மாதிரி தெரியும். டயலில் 'ஆட்டோமேடிக்' என்று போட்டு, முள் டக் டக்கென்று குதித்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். ரோலெக்ஸில் தேதிக்கு மேலே உள்ள லென்ஸ் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மட்டமான நகலில் அது ஜன்னல் கண்ணாடி மாதிரி சும்மா இருக்கும்.

ஆனால் நல்ல போலியில் முள்ளும் வழுக்கும், லென்ஸும் பெரிதாக்கும், கார்டும் பெட்டியும்கூட இருக்கும். அதனால்தான் பின்மூடியைத் திறக்கணும் என்கிறேன்.

விலை உயர்ந்த வாட்ச்சுக்கு மட்டும்தான் போலி என்று நினைக்காதீர்கள். ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது ஹெச்.எம்.டி. அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவு செய்தது. பழசுக்கு மவுசு கூடியது. பழைய வாட்ச்சுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்பதும் கூடியது.

நம் பிசிக்ஸ் சாரை நினைத்துப் பாருங்கள். லேபில் ஸ்டாப்வாட்ச் மக்கர் பண்ணினால், தன் கையிலிருந்த ஹெச்.எம்.டி. ஜனதாவை வைத்தே ஊசலாட்டத்தை எண்ண வைப்பார். வீடு மாறியதில் அது தொலைந்துவிட்டது. அதே மாதிரி ஒன்று வாங்கித்தர நாம் பணம் போட்டோம். மூன்று வாட்ச் என்னிடம் வந்தன. ஒன்று பளபளவென்று ஆகாய நீலம். லென்ஸில் பார்த்தால் பெயிண்ட் திட்டுத் திட்டாக, நிமிஷப் புள்ளிகள் மணிக் கோடுகளோடு சேரவில்லை. இரண்டாவதன் டயல் சுமார்; திறந்தால் உள்ளே வேறு வாட்ச்சின் மெஷின்! மூன்றாவது மஞ்சளடித்த டயல், கீறல் விழுந்த கண்ணாடி. விற்றவர் நான் கேட்பதற்கு முன்பே திறந்து காட்டினார். உள்ளே ஹெச்.எம்.டி. முத்திரை, 17 ஜுவல்ஸ். மூடியின் உட்புறம் யாரோ ஒரு ரிப்பேர்காரர் ஊசியால் கீறி வைத்த சர்வீஸ் தேதி. அதுதான் இப்போது சார் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. (கைதட்டல்)

ஆகவே நண்பர்களே, வாட்ச்சைப் பார்க்குமுன் விற்பவரைப் பாருங்கள். பில் கேளுங்கள். புதிது என்றால் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையிலேயே வாங்குங்கள். பழசு என்றால், "திறந்து காட்டுங்க" என்று சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். போலி முத்திரையோடு விற்பது 1999-ம் வருஷ டிரேட் மார்க் சட்டப்படி 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

மாப்பிள்ளைக்குப் போடுகிற வாட்ச் ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் அசலாக இருக்கட்டும்.