பச்சப்புள்ள பால் குடிக்கலைன்னா காத்திருக்காதீங்க

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. பிறந்து 28 நாளுக்குள் இருக்கிற குழந்தைகளுக்கு வரும் கிருமித் தொற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம்மைப் போன்ற பெண்கள் செய்த காரியத்தை வைத்தே சொல்கிறேன்.

மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்று காடு நிறைந்த ஒரு மாவட்டம் இருக்கு. அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி அங்கே வேலை செய்தார்கள். ஆஸ்பத்திரி தூரம். பச்சப்புள்ளையை வெளியே கொண்டுபோக வீட்டிலும் விடமாட்டார்கள். அதனால் 39 கிராமங்களில், ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை படித்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையை எடை போட்டார்கள், உடம்புச் சூடு பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள். தொற்று தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போக முடியாத வீடுகளில், பெற்றோர் சம்மதத்தோடு ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி மருந்தும் கொடுத்தார்கள்.

முன்பு இப்படித் தொற்று வந்த 100 குழந்தைகளில் 16, 17 குழந்தைகள் இறந்தன. இந்த வைத்தியம் வந்த பிறகு அது மூன்றுக்கும் கீழே இறங்கியது. 1999-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

இதைக் கேட்டு நாம ஊசி போடக் கிளம்பக் கூடாது. அவர்களுக்குப் பயிற்சியும் டாக்டர் மேற்பார்வையும் இருந்தது. நமக்கு 108 இருக்கு, அரசு ஆஸ்பத்திரி இருக்கு. நாம கத்துக்க வேண்டியது அவர்கள் குழந்தையைப் பார்த்த விதம்.

பெரியவங்களுக்குத் தொற்று வந்தா காய்ச்சல் அடிக்கும். பச்சப்புள்ளைக்கு உடம்பு சில்லிட்டும் போகலாம். அதனால் இதையெல்லாம் பாருங்க:

நல்லா குடிச்ச குழந்தை பால் குடிக்காமல் போவது. அழுகை மெலிவது. கை கால் துவண்டு, எழுப்பினாலும் சரியா முழிக்காதது. உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுவது. தொப்புளில் சீழ் வருவது. குழந்தை அழாமல் இருக்கும்போது செல்போனில் நேரம் பார்த்து ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுங்க. 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் திரும்ப எண்ணுங்க. அப்பவும் 60 அல்லது அதற்கு மேல்தான் என்றால் உடனே கிளம்புங்க.

எங்க தெருவில் பிறந்து ஒன்பது நாளான குழந்தை ஒன்று பால் குடிக்காமல் கிடந்தது. "அசந்து தூங்குது, எழுப்பாதீங்க" என்றார் பாட்டி. பக்கத்து வீட்டு அக்கா மூச்சை எண்ணிப் பார்த்தார், 70-ஐத் தாண்டியது. பாட்டியிடம் சண்டை போடாமல், "நீங்களும் வாங்கம்மா" என்று கூட்டிக்கொண்டுதான் 108-ல் ஏறினார்கள். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தது.

போகும் வழியில் தாயின் நெஞ்சோடு, தோல் படும்படி குழந்தையை அணைத்து, மேலே துணி போர்த்துங்க. தொப்புளில் எண்ணெய், சாம்பல், மஞ்சள் எதுவும் வேண்டாம். காயட்டும். தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.

ஒவ்வொரு குழுவும் இந்த மாதக் கூட்டத்திலேயே நம்ம ஊர்க் கர்ப்பிணிகள் பெயரை எழுதிவையுங்க. பிள்ளை பிறந்த வீட்டுக்கு இரண்டு பேர் போய்ப் பாருங்க. ராத்திரி அவசரத்துக்குக் குழுப் பணத்தில் ஒரு தொகை தனியா இருக்கட்டும். மாமியார்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. வீட்டில் கிளம்பச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அவர்கள்தான்.