போக வர ஒரே தூரம்

இலண்டன் மாநகருக்கும் நியூயார்க் நகருக்கும் இடையே ஆகாய வழியில் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர் தூரம். காற்றே வீசாவிட்டால் ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் செல்லும். பயண நேரம் எவ்வளவு? தூரத்தை வேகத்தால் வகுத்து, 6 மணி 10 நிமிடம் என்று விடை கூறிவிடுவீர்கள். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன்.

ஒரு நாள் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது, கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நியூயார்க் போவதைவிட இலண்டனுக்குத் திரும்பி வருவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவாமே! தூரம் ஒன்றுதானே?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் என்னை நோக்கியது. தெரியாது என்று சொல்ல நாணினேன். "பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதல்லவா? அதனால்தான்" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் என் விடையே என்னை உறுத்தியது. பூமியின் சுழற்சி நேரே காரணமாயின், கிழக்கு நோக்கி நகரும் நியூயார்க், வரும் விமானத்தை எதிர்கொண்டல்லவா வரவேண்டும்? போகும் நேரமன்றோ குறையவேண்டும்? உண்மை என்னவெனில், பூமியோடு காற்றும் சுழல்கிறது. காற்றில் மிதக்கும் விமானமும் உடன் சுழல்கிறது. ஓடும் இரயிலில் மேலே எறிந்த பந்து நம் கைக்கே திரும்புவது போலத்தான் இதுவும்.

சில நூல்களைப் புரட்டிய பின்னரே தெளிவு பிறந்தது. தரைக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஒன்று ஆறு போல் ஓடுகிறது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். தெற்கே வெப்பமும் வடக்கே குளிரும் காற்றை நகர்த்த, பூமியின் சுழற்சி அதனைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. சுழற்சிக்கும் பங்குண்டு, ஆனால் நான் சொன்ன விதத்தில் அன்று.

இக்காற்று மணிக்கு 150 கிலோமீட்டர் வீசுவதாகக் கொள்வோம். எதிர்த்துச் செல்லும் விமானத்தின் வேகம் 750. நேரம் 7 மணி 24 நிமிடம். காற்றோடு திரும்புகையில் வேகம் 1,050. நேரம் 5 மணி 17 நிமிடம். இரண்டையும் கூட்டுங்கள்: 12 மணி 41 நிமிடம். காற்று இல்லையெனில் 12 மணி 20 நிமிடமே. போகையில் இழந்ததை வருகையில் முழுவதும் ஈட்டவில்லை! ஏன்? எதிர்க்காற்றில் நெடுநேரம் இருக்கிறோம். உதவும் காற்றில் சிறிது நேரமே இருக்கிறோம்.

2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்து இக்காற்று மிக வலுத்தபோது, ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு 5 மணிக்கும் குறைவான நேரத்தில் வந்து சேர்ந்தது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் கூறியது தவறு" என்று தொடங்கி, அனைத்தையும் விளக்கினேன். என் மதிப்புக் குறையுமோ என்று அஞ்சியிருந்தேன். ஆனால் அன்று முதல் மாணவர்கள் முன்னிலும் துணிவாக வினாக்கள் கேட்கலானார்கள். தெரியாததைத் தெரியாது என்று கூறும் துணிவு எனக்குப் பிந்தித்தான் வந்தது. உங்களுக்கு அது முந்தியே வாய்க்கட்டும்.