புகைப்படம் பயில்வோருக்கும் கல்வி உதவி

 

கல்வி உதவி என்றதும் பொறியியலும் மருத்துவமுமே நம் நினைவுக்கு வருகின்றன. புகைப்படக் கலை பயில விரும்பும் ஏழை மாணவனை, “அது கல்யாண வீட்டு வேலை” என்று கூறித் திருப்பி அனுப்புவது முறையாகுமா?

மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனி குமார், மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழியில் இறங்கும் தொழிலாளரின் துயரத்தைக் கூறும் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2020இல் போட்டோ சவுத் ஏசியா நல்கையும், 2021இல் ஆம்ப்ளிஃபை நல்கையும் பெற்றார். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது.

விருதுக்குப் படங்கள் வேண்டும். படங்களுக்குக் கேமரா வேண்டும். பழனி குமாருக்குத் தாய் துணைநின்றார். தாயால் இயலாத பிள்ளைக்கு ஊரன்றோ துணைநிற்க வேண்டும்!

உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். எனினும், ஹஜ் விண்ணப்பத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளும் நாம், உழைப்பாளியின் அவலத்துக்குச் சாட்சி சொல்லும் படத்தை வீண் என்று தள்ளலாகாது. சுரங்கத்துக்கு நிலம் தந்த கிராமங்கள் சூழ்ந்த நம் நெய்வேலியிலும் பதிவு செய்யப்பட வேண்டியவை ஏராளம்.

ஆகவே, ஜகாத் நிதியைத் தொடாமல், பொது நன்கொடையிலிருந்து ஒரு கேமரா வாங்குவோம். நூலகப் புத்தகத்தைப் போல அதை மாணவருக்கு முறைவைத்து வழங்குவோம். நல்கைகளுக்கு விண்ணப்பிக்கவும் வழிகாட்டுவோம்.

நம் பிள்ளைகளின் பார்வையில் அல்லாஹ் நேர்மையை அருள்வானாக! ஆமீன்.