பிரியும்போது வீட்டை விற்க அவசரப்படலாமா?



சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில் இருக்கிறது லுக்குட். ஒரு காலத்தில் ஈயத்துக்குப் பேர்போன ஊர். 1840-களில் ராஜா ஜுமாட் கட்டிய கோட்டையின் மிச்சம் இன்றும் குன்றின்மேல் நிற்கிறது. பிறகு ரப்பர் வந்தது, நம்மவர்கள் வந்தார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது பல இடங்களில் அதுவும் போய்த் தாமான் வீடுகள் எழுந்துவிட்டன.

தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் லயத்து வீடு தோட்டத்துக்குத்தான் சொந்தம். வேலை நின்றால் வீடும் போய்விடும். ஆகவே தாமானில் வாங்கிய வீடுதான் பல குடும்பங்களுக்குப் பட்டாவோடு கிடைத்த முதல் வீடு. அதற்கு முன்பணம் எங்கிருந்து வந்தது? தோட்டம் மூடியபோது பெற்றோருக்குக் கிடைத்த பணத்திலிருந்து வந்திருக்கும். 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்த விதிமுறைப்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். அவ்வளவுதான் கணக்கு. அதைத்தான் மகளுக்கும் மருமகனுக்கும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

இப்படி ஒரு தம்பதி லுக்குட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீடு கணவர் பெயரில். கடனும் அவர் சம்பளத்தில் போகிறது. முன்பணம் மனைவியின் தகப்பனார் கொடுத்தது; அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. மனைவி பதினைந்து ஆண்டுகளாக மூன்று பிள்ளைகளை வளர்த்தார். விடியற்காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டிக் கடைக்குப் போட்டார். அந்தக் காசில்தான் பின்கட்டை இழுத்துக் கட்டினார்கள். வயதான தகப்பனார் மூன்றாவது அறையில் படுத்திருக்கிறார். இப்போது மணவிலக்கு. சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து சொல்லும் முதல் யோசனை என்ன? "வீட்ட வித்துட்டு ஆளுக்கு ஒரு பங்கா எடுத்துக்கிட்டுப் போங்க. தலைவலி விட்டுது." பட்டாவில் பெயர் இல்லாத அந்தப் பெண், கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். தமக்கு உரிமையே இல்லை என்று அவர் நினைக்கிறார். அந்த நினைப்புத்தான் தவறு.

முஸ்லிம் அல்லாதவர்களின் மணவிலக்கு 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. அது 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதன் 76-ஆவது பிரிவின்படி, மணவிலக்கு ஆணை வழங்கும்போது, திருமண காலத்தில் சேர்ந்த சொத்தைப் பிரித்துக் கொடுக்கவோ, விற்றுப் பணத்தைப் பங்கிடவோ உயர்நீதிமன்றம் உத்தரவிடலாம். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை.

முன்பு அந்தப் பிரிவில் ஒரு குறை இருந்தது. இருவர் முயற்சியில் வந்த சொத்து என்றால் சமபங்கை நோக்கி நீதிமன்றம் சாயும். ஒருவரது முயற்சியில் மட்டும் வந்தது என்றால், சம்பாதித்தவருக்கே பெரிய பங்கு. வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்குச் சிறிய பங்கு. 2017-இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. அன்று எல்லாருடைய கவனமும் பிள்ளைகளின் மதமாற்றம் பற்றிய 88ஏ பிரிவின்மேல் இருந்தது. அந்தப் பிரிவு மீட்டுக்கொள்ளப்பட்ட ஏமாற்றத்தில், வீடு சம்பந்தப்பட்ட இந்த நல்ல மாற்றம் பேசப்படாமலே போனது. திருத்தம் 2018 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. பணமாகப் போட்டது, குடும்ப நன்மைக்காக வாங்கிய கடன், சிறு பிள்ளைகளின் தேவை, திருமணம் நீடித்த காலம், வீட்டையும் குடும்பத்தையும் கவனித்த உழைப்பு ஆகிய எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு சமபங்கை நோக்கிச் சாய வேண்டும். திருமணத்துக்கு முன்பே ஒருவர் வாங்கிய வீடானாலும், பின்னர் மற்றவர் உழைப்பில் அது கணிசமாக மேம்பட்டிருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு சட்டமே இல்லை. ஆனாலும் 2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, சவூதியில் உழைத்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் பிள்ளைகளை வளர்த்த மனைவிக்குச் சம உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். அது மணவிலக்கு வழக்கு அல்ல. ஆனால் கேள்வி அதே கேள்விதான். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். இதே நெகிரி செம்பிலானில், ரெம்பாவ், கோலப்பிலா பக்கம், பெர்பாத்தே அடாட்டைப் பின்பற்றும் மலாய்க் குடும்பங்களில் பூர்வீக நிலம் தாய்வழியாகவே போகிறது. பிரிவு வந்தால் வீட்டைவிட்டு வெளியேறுபவர் கணவர். இருவரும் சேர்ந்து தேடியது இரண்டாகப் பிரியும். அண்டை வீட்டுக்காரர்கள் எப்போதோ எழுதி வைத்துக்கொண்ட கணக்கு இது!

சரி, உரிமை இருக்கிறது. ஆபத்து எங்கே? நீதிமன்றம் ஆணை வழங்கும்போதுதான் சொத்தைப் பிரிக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் பட்டாக்காரர் கையெழுத்துப் போட்டு வீட்டை விற்றுவிடலாம். தம்பி பெயருக்கு மாற்றிவிடலாம். இதைத் தடுக்கவும் வழி உண்டு. வழக்கு நிலுவையில் இருக்கையில், சொத்தைக் கைமாற்றாதபடி தடையுத்தரவு கேட்கலாம். மனைவிக்குச் சேர வேண்டியதைத் தவிர்க்கும் நோக்கத்தோடு, முந்திய மூன்றாண்டுக்குள் செய்த கைமாற்றத்தை ரத்துசெய்ய 102-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் விவரம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெற முடியாது. அதனால் காலதாமதம் கூடாது. நில அலுவலகத்தில் தனியார் கேவியட் போடுவதும் உண்டு. அது ஆறாண்டு வரை நிற்கும். ஆனால் எதிர்த்தரப்பு அதை நீக்கக் கேட்கலாம். ஆகவே வழக்கறிஞரைக் கலந்துகொண்டே போட வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர்கள் சிரம்பானில் இருக்கும் சட்ட உதவி இலாகாவில் விசாரிக்கலாம்.

இருவரும் சம்மதித்துக் கூட்டு மனு போடுகிறார்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. வீட்டைப் பற்றிய நிபந்தனையும் அந்தத் தாளிலேயே இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் பிறகு அழுது பயனில்லை.

விற்றே தீர வேண்டும் என்றால் முதலில் கணக்குப் போடுங்கள். இரண்டு லட்சம் வெள்ளிக்கு விற்கிறது, வங்கிக்கு ஒரு லட்சத்து பத்தாயிரம் பாக்கி என்று வைத்துக்கொண்டால், முகவர் கமிஷனும் வழக்கறிஞர் செலவும் போக எண்பதாயிரம் சொச்சம் நிற்கும். பாதி என்றால் நாற்பதாயிரம் சொச்சம். அதை வைத்து அதே தாமானில் இன்னொரு வீடு வாங்க முடியுமா? மலிவு விலை வீடு என்றால் பட்டாவைப் புரட்டிப் பாருங்கள். மாநில அரசின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது என்ற வாசகம் அதில் இருக்கலாம். அனுமதி வரும்வரை விற்பனை நகராது. கடன் இருவர் பெயரில் இருந்தால், மணவிலக்கு ஆனாலும் வங்கி இருவரையும் கேட்கும். விற்ற பணத்தை ஒருவர் கணக்கில் போடாமல், பங்கு முடிவாகும்வரை வழக்கறிஞர் நிறுவனத்தின் கட்சிக்காரர் கணக்கில் வைக்கச் சொல்வது நல்லது.

விற்காமலும் தீர்க்கலாம். ஒருவர் மற்றவரின் பங்குக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டை வைத்துக்கொள்ளலாம். வங்கி சம்மதிக்க வேண்டும். அல்லது கடைசிப் பிள்ளை படித்து முடிக்கும்வரை விற்பனையைத் தள்ளிவைத்து, அதுவரை யார் குடியிருப்பது, யார் தவணை கட்டுவது என்று எழுதிக்கொள்ளலாம். தேர்வு எழுதும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றாமல் இருப்பதற்காக இதற்கு ஒப்புக்கொள்ளும் தகப்பன்மார்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக அந்த மூன்றாவது அறைப் பெரியவர். அவர் கொடுத்தது கடனா, அன்பளிப்பா என்று நீதிமன்றத்தில் கேட்பார்கள். கடன் என்று காட்ட முடிந்தால் பங்கு பிரிக்குமுன் அதையும் கணக்கில் சேர்க்கும்படி கேட்கலாம். அவருடைய பழைய சேமிப்புப் புத்தகத்தில் பணம் எடுத்த தேதி இருக்கும். வீட்டுக்கு முன்பணம் கட்டிய ரசீதிலும் ஒரு தேதி இருக்கும். அந்த இரண்டையும் இன்றே தேடி எடுத்து ஓர் உறையில் போட்டு வையுங்கள்.