பதினாறில் ஒரு பங்கு நிலம்: உணவுரிமையும் இன நல்லிணக்கமும்



மொழி வளர்க்கும் மன்றத்தில் மண்ணையும் உணவையும் பற்றிப் பேச என்ன தேவை என்று சிலர் எண்ணக்கூடும். உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை நாள்தோறும் வகுப்பறையில் கற்பிக்கும் நமக்கு அந்த ஐயம் எழ வேண்டியதில்லை. உழுகுடிகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பெயரர்களாகிய நம்மிடையே உழவர் இத்துணைக் குறைவாக இருப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடும்போது நம் வரலாறும், பிற இனத்தாரோடு நமக்குள்ள உறவும் ஒருசேர விளங்குகின்றன.

பிரித்தானியர் மலாயாவில் உழைப்பை இனவாரியாகப் பகுத்தனர். நெல்வயல் மலாய்க்காரருக்கு, ஈயச் சுரங்கம் சீனருக்கு, ரப்பர்த் தோட்டம் தமிழருக்கு என்பது அப்பகுப்பின் சுருக்கம். 1913 ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் மலாய்க்காரரின் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காத்தது. 1917 ஆம் ஆண்டின் நெல் நிலச் சட்டமோ அவர்களை நெல்லோடு பிணைத்து, வருவாய் மிகுந்த ரப்பரிலிருந்து விலக்கியது. தமிழர் பால்மரம் வெட்டினர். அவர்கள் உண்ட அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ஒருவர் உழைப்பை மற்றவர் அறியாதவாறு மூன்று இனங்களும் மூன்று வேலிகளுக்குள் வாழ்ந்தன. இன்றைய ஐயங்கள் பலவற்றுக்கு வித்து அங்கே ஊன்றப்பட்டது.

தமிழருக்கு உழவு மறந்துபோயிற்று என்று கூறுவது பொருந்தாது. பேராக் மாநிலத்துப் பாகான் செராய் வட்டாரத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிலம் பெற்றுக் குடியேறிப் பயிர் செய்தனர். நிலம் கிடைத்த இடத்தில் உழவும் தழைத்தது என்பதற்கு அதுவே சான்று.

தோட்டங்களில் நிலை என்ன? கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2,700 சதுர அடி. சட்டம் சொன்னபடி எல்லா நிருவாகங்களும் நடந்துகொள்ளவில்லை. ஆயினும் லயங்களின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் கத்தரியும் மரவள்ளியும் வளர்ந்தன. ஆடும் மாடும் கோழியும் பெருகின. காலையில் நிறை பிடித்து மரம் வெட்டிய தாய்மார் மாலையில் கொல்லைக்கு நீரூற்றினர். அந்தக் கொல்லைதான் குடும்பத்தின் பசியாற்றியது.

அதன் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். கொல்லையில் காய்கறி விளைந்ததால் கூலியைத் தாழ்வாக வைத்திருக்க நிருவாகத்துக்கு எளிதாயிற்று. அந்நிலத்துக்குத் தொழிலாளி உரிமையாளரும் அல்லர். வேலை போனால் வீடு போகும். வீட்டோடு கொல்லையும் போகும். பயிரிடும் உரிமை வேறு, நிலத்தின் உரிமை வேறு என்ற வேறுபாடு நம்மவர் வாழ்வில் பெருந்துயராக விளைந்தது.

1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரைமார் எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகியன அவர்கள் வேண்டியவை. நாதன் கைதானார், துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். வயிற்றுக்கான போராட்டமும் மானத்துக்கான போராட்டமும் ஒன்றே என்பதைக் கிள்ளான் மண் அன்றே உணர்த்தியது.

விடுதலைக்குப் பின் ஐரோப்பியர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தனர். அந்நிலையில் 1960 ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்தினர். சேர்ந்த பணம் தோட்டங்களை வாங்கியது. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தோர் தம் நிலத்தின் பங்குதாரர் ஆயினர். பிரிக்பீல்ட்ஸ் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அதில் நடக்கும் மாணவர்கள் அந்தப் பத்து வெள்ளியின் கதையையும் அறிந்திருக்க வேண்டும்.

உலகின் மறுகோடியிலும் இதே சிந்தனை முளைத்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக்காட்டுக் கூலியாளாக இருந்த கறுப்பினப் பெண்மணி ஃபேனி லூ ஹேமர், வாக்குரிமை கேட்டதற்காகத் தாம் வாழ்ந்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1960களின் இறுதியில் அவர் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவை நிறுவினார். தன் உணவைத் தானே விளைவிக்க முடியாதவரைப் பசியைக் காட்டியே அடக்கிவிடலாம் என்பதை அவர் தம் வாழ்வில் கண்டறிந்தவர்.

1970களுக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. கொல்லையோடு வாழ்ந்தவர்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் 600, 650 சதுர அடி அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர். அங்கே முருங்கை நட மண் இல்லை. நெருக்கடியில் வாழும் ஏழைகள் ஒருவரையொருவர் ஐயுறுவதும் எளிது. 2001 மார்ச்சு மாதம் கம்போங் மேடானில் மூண்ட மலாய், இந்தியர் மோதலில் ஆறு உயிர்கள் பறிபோயின. வறுமையும் நெருக்கடியும் மட்டுமே அதற்குக் காரணமென்று நாம் கூறவில்லை. அவை நீங்காமல் காயம் முழுதும் ஆறாது என்றே கூறுகிறோம்.

நீதி என்பது தமிழருக்கு மட்டும் உரியதன்று. நம் பாட்டன்மார் வருமுன்பே இம்மண்ணில் வாழ்ந்த பூர்வகுடியினர் உள்ளனர். சிலாங்கூர் டிங்கிலில் தெமுவான் மக்களின் நிலம் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டபோது, சாகோங் பின் தாசியும் உறவினரும் வழக்குத் தொடுத்தனர். 2002 இல் உயர்நீதிமன்றமும் 2005 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்தம் மரபுவழி நில உரிமையை ஏற்றன. நில இழப்பின் வலியை அறிந்த நாம் அவ்வலியை அவர்களிடத்தும் உணர வேண்டும். இன நல்லிணக்கத்திற்கு அதுவே உறுதியான தொடக்கம்.

நம் மொழிகள் இவ்வேலிகளை முன்னரே தாண்டிவிட்டன. முருங்கையை மலாயில் ‘மெருங்காய்’, ‘ரெமுங்காய்’ என்றும் வழங்குவர். நம் மாங்காய் அங்கே ‘மங்கா’ ஆயிற்று. செடியைக் கொடுத்தபோது சொல்லையும் கொடுத்திருக்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களே, பள்ளித் தோட்டத்தை அண்டைப் பள்ளி மாணவரோடு சேர்ந்து பேணும் களமாக்குங்கள். மாணவர்களே, வீட்டு முதியோரிடம் தோட்டத்துக் கொல்லையில் எதை, எப்போது, எவ்வாறு பயிரிட்டனர் எனக் கேட்டு எழுதிவையுங்கள். ‘நிறை’, ‘பெரட்டு’, ‘லயம்’ முதலிய சொற்களோடு அந்த அறிவும் அவர்களுடன் மறைந்துவிடும் நிலையில் உள்ளது. உங்கள் குடும்பம் எந்த நிலத்தில் உழைத்தது, அந்நிலம் இன்று யாரிடம் உள்ளது என்பதையும் தேடி அறியுங்கள். அவ்வரலாறு தெரிந்தவரே நில உரிமையைத் தெளிவுடன் கேட்கவும், பிறர் கேட்கும்போது துணைநிற்கவும் வல்லவர் ஆவர்.