வலைத்தளங்களின் வகையறிவோம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கண்டார். நம் குரலை நாமே அச்சேற்ற அவர்கள் பட்ட பாடு பெரிது. இன்று வலைத்தளம் நம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. ஆயினும், எல்லாத் தளங்களின் நோக்கமும் ஒன்றன்று.

முதலாவது, அரசுத் தளங்கள். சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் இவற்றின் வழியே விண்ணப்பிக்கிறோம். இவற்றின் பெயர் பெரும்பாலும் 'கவ்.இன்' என முடியும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அரசு கட்டணம் வாங்குவதில்லை.

இரண்டாவது, அறிவுத் தளங்கள். 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ் நூல்களை விலையின்றி வழங்குகின்றன. அண்ணல் அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகளை நடுவண் அரசின் தளத்திலேயே படிக்கலாம்.

மூன்றாவது, வணிகத் தளங்கள். விற்பதே இவற்றின் நோக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் இவற்றின் வேடத்தில் போலித் தளங்களும் உலவுகின்றன. தொரப்பள்ளியிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை தேடும் நம் பிள்ளைகளிடம் 'பதிவுக் கட்டணம்' கேட்டால், அங்கேயே நிற்க வேண்டும். கைப்பேசிக்கு வரும் மறை எண்ணை எவரிடமும் சொல்லலாகாது.

எத்தளத்தைத் திறந்தாலும் மூன்று வினாக்களை எழுப்புவோம்: நடத்துவோர் யார்? நோக்கம் என்ன? நம்மிடம் கேட்பது எது?

இவ்வறிவு படித்த பிள்ளையோடு நின்றுவிடாமல், கூலிக்குச் செல்லும் தாய்க்கும் எட்ட வேண்டும். நம் வரலாற்றை நாமே எழுதும் தளம் ஒன்றையும் நாம் தொடங்குவோமாக! அன்று இதழ் கண்ட முன்னோர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.